கணக்குப் பிழையா, கம்பிப் பிழையா?

சங்கச் சிப்பந்திகளுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு பாடம்

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர் அதன் கணக்கில் இருக்கிறது. 1904ஆம் ஆண்டில் நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த நாள்தொட்டு, நாட்பதிவேடும் பேரேடும் ரொக்க இருப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்பதே தணிக்கையின் முதல் விதி. இன்று அவ்வேடுகள் கணினிக்குள் புகுந்துவிட்டன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000ஐக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29ஆம் தேதி ஏற்றது. தமிழ்நாட்டுச் சங்கங்களும் அதில் சேர்ந்துள்ளன. இதன்றி, நூல் இருப்புக்கும் கூலிக் கணக்குக்கும் தமக்கென ஒரு மையக் கணினி வைத்துக்கொண்ட சங்கங்களும் உண்டு. ஏடு மாறிற்றேயன்றி விதி மாறவில்லை. ஆனால் புதிய ஏட்டிற்குப் புதிய நோய்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பாடத்திற்கு முன் ஒரு நிகழ்ச்சி

2024ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், தொட்டியம் வட்டாரத்துச் சங்கம் ஒன்றில் மும்முறை ரொக்கக் குறைவு கண்டது. காவிரியின் வடகரையில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே அமைந்த சங்கம் அது. கடன் வசூல் மும்முரமாக நடந்த நாட்கள். மாலையில் இருப்பைக் கூட்டினால் கணினிக் கணக்கிலுள்ள தொகையைவிடப் பெட்டியிலுள்ள பணம் குறைந்தது. முதல் முறை 6,000 ரூபாய். இரண்டாம் முறை 11,500. மூன்றாம் முறை 18,400.

முன்றில் அமர்ந்து பணம் வாங்கிய இளம் எழுத்தர் முதல் இரு குறைவுகளையும் தம் கையிலிருந்து கட்டினார். மூன்றாவதைக் கட்ட அவரிடம் பணமில்லை. விஷயம் நம்மிடம் வந்தது. நாமும் வழக்கப்படி எழுத்துமூலம் விளக்கம் கேட்டோம். “ஐயா, வாங்கிய பணத்திற்கெல்லாம் ரசீது கொடுத்திருக்கிறேன். ரசீதையும் பெட்டியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் சரியாக இருக்கும். கணினியில் இருப்பதுதான் கூடுதல்” என்று அவர் கூறினார். அவ்வார்த்தையை அன்று நாம் போதிய அளவு மதிக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்வது கடமை.

அச்சங்கத்தில் மையக் கணினிக்கு அடிக்கடி தொல்லை என்பதும் எல்லோரும் அறிந்ததே. “நெட்வொர்க் கார்டு கோளாறு” என்று சொல்லி இரு தடவை கார்டை மாற்றியிருந்தார்கள். மாற்றியதும் சில வாரங்கள் ஒழுங்காக ஓடும். பின்னர் பழைய கதையே. ரொக்கக் குறைவும் கார்டுத் தொல்லையும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நெட்வொர்க் கார்டு செய்யும் வேலை

சர்வர் எனப்படும் மையக் கணினியும் முன்றிலிலுள்ள கணினிகளும் பேசிக்கொள்வது நெட்வொர்க் கார்டின் வழியாகவே. அனுப்ப வேண்டிய செய்தியைக் கார்டு சிறுசிறு கட்டுகளாகக் கட்டிக் கம்பியில் விடுகிறது. ஈத்தர்நெட் என்பது இம்முறையின் பெயர். 1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் என்போர் இதைத் தொடங்கினர். 1980இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் கூடி இதற்கு ஒரு பொது வரைமுறை வெளியிட்டன. 1983இல் அது மின்பொறியாளர் கழகத்தின் தரமாயிற்று. தனித்தனியே வாணிபம் செய்வோரும் ஒரு பொது விதிக்குக் கட்டுப்பட்டதால்தான் எவர் செய்த கார்டும் எவர் செய்த பெட்டியோடும் இன்று பேசுகிறது. கூட்டுறவாளருக்கு இது புதிய தத்துவமன்று.

ஒவ்வொரு கட்டும் சாதாரணமாக 64 பைட்டுக்குக் குறையாமலும் 1,518 பைட்டுக்கு மிகாமலும் இருக்கும். அதன் கடைசி 4 பைட்டுகள் சரிபார்ப்பு எண். நம் வாழை விவசாயி லாரியில் தார் ஏற்றும்போது, எத்தனை தார் என்று சீட்டெழுதி ஓட்டுநரிடம் கொடுக்கிறார். மண்டியில் இறக்குபவர் எண்ணிப் பார்த்துச் சீட்டோடு ஒப்பிடுகிறார். அதுபோலவே, பெறுகின்ற கார்டு தானும் கணக்கிட்டுக் கட்டின் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுகிறது. ஒத்துவராவிட்டால் அக்கட்டை எறிந்துவிட்டு, “சி.ஆர்.சி. பிழை ஒன்று” என்று தன் கணக்கில் குறித்துக்கொள்கிறது. எறியப்பட்டதை மேலடுக்கு மென்பொருள் மறுபடி கேட்டு வாங்கிவிடும். ஆகவே ஓரிரு கட்டுகள் கெட்டால் தாமதம் நேருமேயன்றிக் கணக்குத் தவறாது. இது முக்கியம்: கம்பிப் பிழை 6,000 என்பதை 9,000 ஆக்கிவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. அது விளைக்கும் கேடு வேறு வகையானது. அதைப் பின்னர்க் காண்போம்.

பிழைகள் ஐவகை

“கார்டு கோளாறு” என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்து வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. கார்டு தானே அவற்றைத் தனித்தனியே எண்ணி வைத்திருக்கிறது. லினக்ஸ் முறைமையில் ‘ஈத்டூல்’ என்னும் கருவி அவ்வெண்ணிக்கைகளைக் காட்டும். விண்டோஸ் முறைமையில் ‘ஈவன்ட் வியூவர்’ இணைப்பு அறுந்த நேரங்களைக் காட்டும்.

1. சி.ஆர்.சி. பிழை. கட்டு வழியில் சிதைந்தது. பெரும்பாலும் குற்றம் கம்பியிலோ, முனைச் செருகியிலோ, அருகிலோடும் மின்சாரத்திலோ இருக்கும். கார்டு கெட்டிருப்பது அரிது.

2. கைவிடப்பட்ட கட்டுகள். கட்டு நல்லபடியாகவே வந்தது. எடுத்து வைக்கத்தான் இடமில்லை. நெய்பவரின் வேகத்திற்கு மேல் தார் சுற்றிக் குவித்தால் கூடை வழிவதைப் போன்றது இது. கம்பியை மாற்றிப் பயனில்லை. கணினியின் சுமையையும் கார்டின் இடைச்சேமிப்பு அளவையும் கவனிக்க வேண்டும்.

3. மோதல்கள். ஒரு முனை இருவழியாகவும் மறுமுனை ஒருவழியாகவும் பேசும்போது உண்டாவது. ஒரு பக்கத்தின் வேகத்தை யாரேனும் கையால் நிலைநிறுத்தி, மறுபக்கத்தைத் தானியங்கியாக விட்டிருந்தால் இது நேரும். இரு பக்கமும் தானியங்கியாக விடுவதே நன்று.

4. இணைப்பு அறுதல். செருகி தளர்ந்தது, கம்பி ஒடிந்தது, அல்லது இணைப்புப் பெட்டிக்கு மின்சாரம் நின்றது.

5. அனுப்புதல் தேங்கிக் கார்டு தன்னையே மீளத் தொடங்குதல். இதற்கு டிரைவர் மென்பொருள், மின்சிக்கன அமைப்பு, கார்டு பொருந்தும் பள்ளத்துத் தூசி, வெப்பம் ஆகியவற்றைப் பார்த்த பின்னரே கார்டின் மீது குற்றம் சுமத்த வேண்டும்.

பாவில் இழை அறுந்தால் விழுதில் அறுந்ததா, அச்சில் அறுந்ததா என்று பாராமல் எந்த நெசவாளரும் தறியையே மாற்றுவதில்லை. கணினியிடத்து மட்டும் நாம் அப்பொறுமையை ஏன் இழக்க வேண்டும்?

எண்ணிப் பார்த்த விதம்

மேற்சொன்ன சங்கத்தில் மூன்றாம் குறைவுக்குப் பின், கணினி நுணுக்கம் அறிந்த நண்பர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, ஒரு விடுமுறை நாளில் பரிசோதனை தொடங்கினோம். முதலில் சங்கக் கணக்கு முழுவதற்கும் ஒரு நகல் எடுத்துத் தனியே வைத்தோம். இதைச் செய்யாமல் எதையும் தொடலாகாது.

முதற்படி, நேரங்களைப் பார்த்தல். சர்வரின் நாட்குறிப்பில் இணைப்பு அறுந்த நேரங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதினோம். அவை பெரும்பாலும் முற்பகல் 11 மணிக்கு மேல், மாலை 4 மணிக்குள். ரொக்கக் குறைவு கண்ட மூன்று நாட்களின் ரசீது நேரங்களையும் அருகில் எழுதினோம். முதலில் பொருந்தவில்லை. பிறகுதான் சர்வரின் கடிகாரம் முன்றில் கணினியைவிட 4 நிமிடம் பின்தங்கி ஓடுவதைக் கண்டோம். அதைத் திருத்திப் பார்த்தபோது மூன்று குறைவுகளும் மூன்று அறுதல்களோடு நேருக்கு நேர் வந்து நின்றன.

இரண்டாம் படி, வித்தியாசத்தைப் பார்த்தல். பிழையின் மொத்த எண்ணிக்கை பயன்படாது. அது எத்தனை நாளில் சேர்ந்தது என்று தெரியாது. மீட்டர் படிப்பதுபோல முன்னும் பின்னும் குறித்து வித்தியாசத்தைக் காண வேண்டும். முன்றில் கணினியிலிருந்து 300 மெகாபைட் அளவுள்ள கோப்பு ஒன்றைச் சர்வருக்கு அனுப்பினோம். அது சுமார் 2 லட்சம் முழுக் கட்டுகள். நொடிக்கு 1,000 மெகாபிட் செல்லும் செப்புக்கம்பி இணைப்பிற்கு 1,000 கோடி பிட்டுகளுக்கு ஒரு பிழை வரையே இடமுண்டு. அதாவது, சுமார் 8 லட்சம் முழுக் கட்டுகளுக்கு ஒன்று. நாம் கண்டதோ 340 சி.ஆர்.சி. பிழைகள். கைவிடப்பட்ட கட்டு ஒன்றுமில்லை, மோதல் ஒன்றுமில்லை. ஆகவே ஐவகையுள் முதல் வகையும் நான்காம் வகையுமே நோய் என்பது தெளிவாயிற்று.

மூன்றாம் படி, இடத்தைக் குறுக்குதல். இணைப்புப் பெட்டியானது ஒரு கட்டை முழுவதும் வாங்கிச் சரிபார்த்த பின்னரே அடுத்த கம்பிக்குத் தள்ளும் வகையினது. கெட்ட கட்டை அதுவே எறிந்துவிடும். எனவே சர்வர் காணும் பிழை, பெட்டிக்கும் சர்வருக்கும் இடையே மட்டுமே பிறந்திருக்க முடியும். முன்றிலிலுள்ள கம்பிகளனைத்தும் சந்தேகத்தினின்று விடுதலை பெற்றன.

நான்காம் படி, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல். பெட்டியில் வேறு துளைக்கு மாற்றினோம், பிழை நீங்கவில்லை. சர்வரில் இருந்த மற்றொரு கார்டுத் துளைக்கு மாற்றினோம். அங்கும் பிழை தொடர்ந்தது. பின்னர், பெட்டியிலிருந்து சர்வர் வரை புதிய கேபிள் ஒன்றைத் தரைமீதே விரித்து இணைத்தோம். அதே கோப்பை மறுபடி அனுப்பினோம். பிழை பூஜ்யம். மும்முறை அனுப்பினோம். மும்முறையும் பூஜ்யம்.

குற்றவாளி சுவருக்குள் செல்லும் கேபிள். அதை உருவிப் பார்த்தபோது, நடுவே நீளம் போதாமல் வேறொரு துண்டைக் கையால் முறுக்கி ஒட்டுப்போட்டு நாடா சுற்றியிருந்தது. மேலும், பாதுகாப்பறைக் குளிர்சாதனத்திற்குச் செல்லும் மின்கம்பியும் அதே குழாயில் ஓடியது. வெயில் ஏறிக் குளிர்சாதனம் அடிக்கடி இயங்கத் தொடங்கும் 11 மணிக்கும் இணைப்பு அறுவதற்கும் இருந்த உறவு அப்போது விளங்கிற்று.

இரு கார்டுகள் வீணானதன் காரணமும் விளங்கிற்று. கார்டை மாற்றும்போதெல்லாம் கேபிளைப் பிடுங்கிச் செருகினார்கள். அந்த இழுப்பில் சுவருக்குள் இருந்த ஒட்டு சற்று நகர்ந்து, சில வாரங்கள் நன்றாகப் பிடித்தது. புகழ் கார்டுக்குப் போயிற்று. மருந்து கொடுத்த அன்றே காய்ச்சல் தானாக இறங்கினால் மருந்துக்குப் பெயர் கிடைப்பது உலக வழக்கம்.

ரொக்கம் எவ்வாறு குறைந்தது?

எழுத்தர் பணத்தை வாங்கிப் பதிவு செய்ய விசையை அழுத்துகிறார். செய்தி சர்வருக்குச் சேர்ந்து, வரவு பதிவாகிவிடுகிறது. “பதிவாயிற்று” என்ற மறுமொழி திரும்புவதற்குள் இணைப்பு அறுந்துவிடுகிறது. திரை அசைவற்று நிற்கிறது. பிறகு “இணைப்பு இல்லை” என்கிறது. எதிரே உறுப்பினர்கள் வரிசையாக நிற்கின்றனர். எழுத்தர் மறுபடியும் அழுத்துகிறார். இப்போது இரண்டாம் வரவும் பதிவாகி, மறுமொழியும் வந்து, ரசீதும் ஒன்று அச்சாகிறது. பணம் ஒன்று, ரசீது ஒன்று, வரவோ இரண்டு. மாலையில் பெட்டி குறைந்துதானே தோன்றும்?

பேரேட்டைப் புரட்டினோம். அதே உறுப்பினர், அதே தொகை, இரண்டு நிமிட இடைவெளியில் இரு வரவுகள். மூன்று நாட்களிலும் அவ்வாறே. எழுத்தர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. நிர்வாகக் குழு தீர்மானம் போட்டு மிகை வரவுகளை நீக்கிற்று; அவர் கட்டிய 17,500 ரூபாயும் அவரிடம் திருப்பித் தரப்பட்டது. கேட்ட விளக்கத்தை நாம் முடிவுக்குக் கொண்டுவந்தோம். ஆயினும், ஒரு நாணயஸ்தரை ஆறு வாரம் தலைகுனிய வைத்தது அந்த ஓர் அங்குல ஒட்டு என்பதை நாம் மறப்பதற்கில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. செய்தி போகும் வழியிலேயே இணைப்பு அறுந்து, பதிவாகாத தொகையைப் பதிவானதென்று எண்ணிவிட்டால், கேடு உறுப்பினருக்கு. உரிய தேதிக்குள் பயிர்க்கடனைத் திருப்புவோருக்கு வட்டியில்லை என்பது தமிழ்நாட்டின் நடைமுறை. கடைசி நாளில் கட்டிய விவசாயி கணக்கில் கட்டாதவராக நின்றால், அச்சலுகை அவருக்குக் கேள்விக்குரியதாகும்.

தடுக்கும் வழிகள்

கேபிளைப் பற்றி: ஒரே நீளமாக, நடுவில் ஒட்டின்றி இருத்தல் வேண்டும். 100 மீட்டருக்கு மிகலாகாது. உள்ளே எட்டுக் கம்பிகள் நான்கு புரிகளாக முறுக்கப்பட்டுள்ளன. அம்முறுக்கே வெளி இரைச்சலைத் தடுப்பது. முனையில் செருகி பொருத்தும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கலாகாது. முழுச் செம்புக் கம்பியையே வாங்குக. செம்பு முலாம் பூசிய அலுமினியம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் எளிதில் ஒடியும். மின்கம்பியோடு ஒரே குழாயில் விடுவது உயிருக்கும் ஆபத்து. மின்கம்பியைக் கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடப்பதே முறை. கிடங்கு தனிக் கட்டடமாயின் கண்ணாடி இழைக் கேபிள் உத்தமம். இடி மின்னலின் அதிர்ச்சி அதன் வழியே பாயாது.

வேகத்தைப் பற்றி: 1,000 மெகாபிட் வேகத்திற்கு நான்கு புரியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். ஆகவே 1,000 காட்ட வேண்டிய இணைப்பு ஒரு நாள் 100 காட்டினால், ஏதோ ஒரு புரி நலிந்துவிட்டது என்பதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். மாதம் ஒரு முறை இதைப் பார்த்துக் குறிப்பது ஒரு நிமிட வேலை.

கார்டைத் தொடுமுன்: கணினியை நிறுத்தி, மின்செருகியைக் கழற்றி, உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்ள வேண்டும். சுவரிலுள்ள மின்கம்பி வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விட வேண்டும்.

எழுத்தருக்கு: திரை நின்றுவிட்டால் மறுபடி அழுத்தாதீர்கள். முதலில் அவ்வுறுப்பினரின் கணக்கைத் திறந்து வரவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள்.

நிர்வாகக் குழுவிற்கு: ஒரு ரசீது எண்ணுக்கு ஒரு வரவுக்கு மேல் ஏறாதபடி மென்பொருளில் தடை கேளுங்கள். எல்லாக் கணினிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓடச் செய்யுங்கள். பழுது பார்ப்பவர் எதை மாற்றினார், மாற்றுமுன் பிழை எத்தனை, மாற்றியபின் எத்தனை என்று எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே தொகையைப் பட்டுவாடா செய்யுங்கள்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. கைவிடப்பட்ட கட்டுகள் நாளுக்கு நாள் பெருகுகின்றன, சி.ஆர்.சி. பிழை ஒன்றுமில்லை. கேபிளை மாற்றுவது பயன்தருமா? காரணம் கூறுக.

2. கார்டு, கேபிள், மென்பொருள் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினர், பிழை நின்றது. இதனால் சங்கம் கற்றதென்ன? கல்லாததென்ன?

3. உங்கள் சங்கத்தில் ரொக்கம் மிகுந்து, கணக்கு குறைந்து நின்றால், அதற்குக் கம்பி எவ்வகையில் காரணமாகலாம்?

4. உங்கள் சங்கத்துக் கேபிள் எவ்வழியே செல்கிறது? அதனருகே எந்த மின்கம்பி ஓடுகிறது? நேரில் பார்த்து ஒரு படம் வரைந்து அலுவலகத்தில் மாட்டுக.

முடிவாக ஒன்று. இயந்திரம் தன் பிழைகளைத் தானே எண்ணி வைத்துக் காத்திருக்கிறது. கேட்பார் இல்லாமையால் அது பேசுவதில்லை. ரொக்கம் குறையும்போது முதலில் ரசீதைப் பாருங்கள், பிறகு இயந்திரத்தின் எண்ணிக்கையைப் பாருங்கள், அதற்குப் பின் மனிதரைப் பாருங்கள். இவ்வரிசையைத் தலைகீழாக்கியதே நாம் செய்த தவறு. வாசக அன்பர்கள் அதைச் செய்ய வேண்டாம்.